கீழ்ப்படிதலும் சங்கித்தலும்

கேரளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து எத்தனையோ இளம் பெண்கள் தாதியராகித் தில்லிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது. தம்பியின் படிப்பு நடக்கிறது. அப்போது ‘பொறுப்புள்ள மகள்’ என்று போற்றும் வீட்டார், தன் திருமணத்தைப் பற்றி அவளே முடிவெடுத்தால் ‘அடங்காதவள்’ என்று தூற்றுவது நீதியாகுமா?

நான்காம் கட்டளையை மீறுகிறாள் என்பர் சிலர். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிப்பதோ வேறு. பிள்ளை வளர்ந்து தன் காலில் நின்றபின் கீழ்ப்படியும் கடமை முடிகிறது. பெற்றோரைச் சங்கிக்கும் கடமை முடிவதேயில்லை. தொழிலையும் வாழ்க்கைத் துணையையும் தெரிவு செய்வதில் பெற்றோர் ஆலோசனை கூறலாம், வற்புறுத்தலாகாது.

பெற்றோரே, நம் வீடுகளிலும் இக்கேள்வி எழாமலில்லை. இரவுக் கடமை முடிந்து விடுதி அறைக்குத் திரும்பும் மகளுக்குத் தனிமையே பெரும் பாரம். ‘தனித்திருந்தால் வழிக்கு வருவாள்’ என்று அவளோடு பேசாதிருப்பது கண்டிப்பல்ல, கொடுமை. கலியாணப் பேச்சை ஒருபுறம் வைத்து, ‘சாப்பிட்டாயா பிள்ளை?’ என்று முதலில் கேளுங்கள்.

மகளே, நீயும் ஒன்றை மறவாதே. உன் முடிவு உன்னுடையதே. ஆயினும் முதுமையில் அவர்களைத் தாங்கும் கடமையும் உன்னுடையதே.