உளைச்சல்

"எல்லாம் நார்மல்மா. ஒண்ணுமில்ல, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்று டாக்டர் சொன்ன அன்று, ஸ்கேன் சென்டர் வாசலில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். கட்டி இல்லை, புற்று இல்லை, நீர்க்கட்டிகூட இல்லை. கூட வந்த அக்காவுக்குக் கோபம். "நல்ல சேதி சொல்லியிருக்காங்க, ஏண்டி இப்படி அழுவுற?" ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள் நான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போது என் அடிவயிற்று வலிக்கு நாலு வயது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் வந்துகொண்டிருந்தது, மெல்ல மெல்ல மாதம் முழுக்கப் பரவிவிட்டது. அடிவயிற்று வலி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்பது டாக்டர்கள் கணக்கு. அம்மாவின் கணக்கு வேறு. "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், சூடு" என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள்.

கையில் கட்டு போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்கோ புடவை கட்டி, பூ வைத்து, விடைத்தாள் கட்டோடு நிற்கிற தோற்றம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற வழியில் எந்த இடத்தில் வேகத்தடை வரும், எங்கே கொஞ்சம் சுத்தமான கழிப்பறை இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன். இதெல்லாம் யார் கண்ணில் படும்? இன்னொரு பழக்கமும் வந்தது, சொல்ல வெட்கம்தான். மறுநாள் லீவு கேட்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால், முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் சத்தமாகச் சிரிக்க மாட்டேன். நேற்று சிரித்தவளுக்கு இன்று எப்படி வலிக்கும் என்று கேட்டுவிட்டால்?

வலியைவிட, வலிக்கிறது என்று நிரூபிக்கிற இந்த வேலைதான் என்னைத் தின்றது. காட்டினால் நடிப்பு, காட்டாவிட்டால் வலியே இல்லை. சாட்சி சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே வலிக்கிறதா, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? ராத்திரி இரண்டு மணிக்கு வெந்நீர்ப் பையை அணைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சேர்ந்திருக்கும்போது உள்ளே கத்தி போல வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. தூங்குவது போலக் கிடந்தேன். அவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம், அவரவர் குற்ற உணர்ச்சியோடு ஒரே கட்டிலில் படுத்திருந்தோம்.

ஒன்பதாவது வருடம் லேப்ராஸ்கோப்பி செய்த பிறகுதான் பெயர் தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உட்பூச்சைப் போன்ற திசு அதற்கு வெளியே ஒட்டி வளர்வது. சாதாரண ஸ்கேனில் அகப்படாமலே போகலாம். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெயர் கிடைத்த அன்று தெருவுக்கே இனிப்பு கொடுக்கலாம் போலிருந்தது. பெயர்கூடக் கிடைக்காதவர்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. காரணம் எதுவும் அகப்படாத அடிவயிற்று வலியும் உண்டு. அதற்காக அந்த வலி பொய்யாகிவிடாது.

ஒட்டி வளர்ந்திருந்த அந்தத் திசுவை எடுத்தார்கள். வலி குறைந்தது, போகவில்லை. "கர்ப்பப்பையையே எடுத்துட்டா நிம்மதி" என்றார் எதிர்வீட்டு அத்தை, பல்லைப் பிடுங்குவது போல. அதை எடுத்த பிறகும் வலியோடு இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு டாக்டர் மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னபோது கொதித்துப் போனேன். நடிப்புப் பட்டம் போய் இப்போது பைத்தியப் பட்டமா? பெண்களுக்கு ஒட்டிய ஹிஸ்டீரியா என்ற மனநோய்ப் பெயரே கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மனநோய்க் கையேடு 1980இல்தான் அந்தப் பெயரைக் கைவிட்டது. என் கோபத்துக்கு அவ்வளவு பழைய வேர் இருந்தது. ஆனால் அந்த ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி வேறு: "வலி இல்லாத நேரத்துல என்ன பண்ணுவீங்க?" யோசித்துவிட்டுச் சொன்னேன், "அடுத்து எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

திருடன் புகுந்து போன வீட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் இலை விழுந்தாலும் குரைக்கும். பல வருடம் வலித்த உடம்பின் நரம்புகளுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடுமாம். திருடன் இல்லை, ஆனால் குரைப்பது நிஜம். பயம் குரைப்பைக் கூட்டும். தூக்கம் கெட்டாலும் கூட்டும். 'எல்லாம் மனசுதான்' என்பதும் 'மனசுக்கும் இதில் பங்கு உண்டு' என்பதும் ஒன்றல்ல என்று புரிய எனக்கு ஒன்பது வருடம் போதவில்லை. இடுப்புத்தள தசைகளுக்கென்று பிசியோதெரபி இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. "பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி அடிவயித்தக் கடிச்சிக்கிட்டு இருக்கீங்க அக்கா" என்றாள் பிசியோதெரபி தந்த பெண்.

நான் தமிழ் டீச்சர். கால் உளைச்சல், கை உளைச்சல், மன உளைச்சல் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், மூன்றுக்கும் ஒரே சொல் என்பது உறைத்ததில்லை. கால் நோகிறது, மனசு நோகிறது. உடம்பை ஒரு டாக்டருக்கும் மனசை இன்னொரு டாக்டருக்கும் பங்கு போடாத பாஷை இது. இன்னொரு பக்கம், வலி என்றால் வலிமை என்றும் ஒரு பொருள் உண்டென்று மகளிர் தின மேடையில் யாராவது தவறாமல் சொல்வார்கள். எழுந்து வெளியே போய்விடலாம் போலிருக்கும்.

வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர்கள் கேட்பார்கள். ஏழு என்பேன். ஏழில் என்ன இருக்கிறது? கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாத்தாளில், வலியைச் சொல்ல மட்டும் 78 சொற்கள் இருக்கின்றன. குடைச்சல், கடுகடுப்பு, சுருக்கென்று ஒன்று, விண்விண்ணென்று ஒன்று, உள்ளே யாரோ கயிற்றைக் கட்டி இழுப்பது போல ஒன்று என்று நம்மிடமும் எவ்வளவோ. என்னிடம் யாரும் கேட்டதில்லை.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் டெஸ்க்கில் தலை கவிழ்ந்திருந்தாள். "வயித்து வலி டீச்சர்" என்றாள், திட்டு விழும் என்கிற முகத்தோடு. எப்படி வலிக்குது என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். ஈரத்துணியைப் பிழியற மாதிரி என்று ஆரம்பித்தாள். மணி அடித்து, அடுத்த பீரியட் டீச்சர் வாசலில் வந்து நின்ற பிறகும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.