நீங்கள் எந்தச் சபை?



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரன் என்னைப் பார்க்க வந்தார். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். எந்த ஊரில் கன்வென்ஷன் நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். நம்முடைய ஆராதனைக்கும் எப்போதாவது வருவார்; செய்தி முடிந்ததும், கடைசி ஜெபத்துக்கு முன்னமே எழுந்து போய்விடுவார். "பாஸ்டர், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல சபைக் கடிதம் கேக்குறாங்க. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும்" என்றார்.

பேனாவை எடுத்தேன். ஆனால் என்ன எழுத? அந்தப் பிள்ளையின் பேர்கூட எனக்குத் தெரியாது. எப்போது இரட்சிக்கப்பட்டாள், எங்கே ஞானஸ்நானம் எடுத்தாள், திருவிருந்தில் பங்குபெறுகிறாளா, ஒன்றும் தெரியாது. தெரியாததற்கு எப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்? பேனாவை மூடிவிட்டேன். அவருக்கு வருத்தம். "ஜீவபுஸ்தகத்துல பேர் இருந்தா போதாதா பாஸ்டர்? சபை ரிஜிஸ்டர்ல வேற இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் வாலிப நாட்களில் இதே கேள்வியைக் கேட்டவன் நான். ஒரு வாரம் பாட்டு நன்றாயிருக்கும் சபை, மறு வாரம் வரங்கள் கிரியை செய்யும் சபை, அடுத்த வாரம் இன்னொன்று. ஆவியானவர் நடத்துகிறார் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் என்னை ஒருவரும் கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த நாட்களில் மஞ்சள் காமாலை வந்து வாடகை அறையில் ஒன்பது நாள் கிடந்தேன். ஒருவரும் தேடி வரவில்லை. அவர்கள் பேரில் குற்றம் இல்லை. இந்தச் சபையார் அந்தச் சபைக்குப் போயிருப்பான் என்று நினைத்தார்கள். அந்தச் சபையார் இந்தச் சபைக்கு என்று நினைத்தார்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு எழுதுகிறார் (5:14). அதைப் படுக்கையில் வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் எந்தச் சபையின் மூப்பரை அழைப்பேன்?

பிரியமானவர்களே, ரிஜிஸ்டர் என்பது மனுஷருடைய ஏற்பாடு என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள் என்றால், யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். ஆதித் திருச்சபையில் விதவைகளைப் பராமரிக்க ஒரு பதிவு இருந்தது, அறுபது வயதுக்குக் குறைந்தவளை அதில் சேர்க்க வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோ. 5:9). யாருக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று தெரிய வேண்டுமானால், யார் யார் நம்மவர் என்று முதலில் தெரிய வேண்டும்.

கடிதம் என்றதும் ரோமர் 16-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே பவுல் ஒரு சகோதரிக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறது. பேர் பெபேயாள். கொரிந்து பட்டணத்துக்கு அருகே உள்ள கெங்கிரேயா என்ற துறைமுக ஊர். அந்த ஊர்ச் சபையின் ஊழியக்காரி என்று அவளை அறிமுகப்படுத்துகிறார். 'உலகளாவிய சபையைச் சேர்ந்தவள்' என்று எழுதி நிறுத்திவிடவில்லை, பாருங்கள்! ஊர் பேர் இருக்கிறது. அநேகருக்கும், தனக்கும்கூட அவள் ஆதரவாயிருந்தாள் என்று எழுதுகிறார். அவள் ஓரிடத்தில் நிலைத்து உழைத்ததைக் கண்டவர், அதனால் எழுத முடிந்தது. எஜமானை விட்டுப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவையும், உங்களில் ஒருவன் என்றே கொலோசெ சபைக்குத் திருப்பி அனுப்புகிறார் (கொலோ. 4:9). அந்த ஒரு வார்த்தை அவனுக்கு எவ்வளவு இனிமையாயிருந்திருக்கும்!

தோமாவையும் நினைத்துப் பாருங்கள். கர்த்தர் உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் சீஷர்கள் கூடியிருந்தார்கள், அவன் இல்லை. எங்கே போனான் என்று வேதம் சொல்லவில்லை. மற்றவர்கள் அவனுக்குச் செய்தி சொன்னார்கள், அவன் நம்பவில்லை. ஆனாலும் அவர்கள் அவனைத் தள்ளிவிடவில்லை. கர்த்தர் அவனைத் தனியாகச் சந்தித்திருக்கலாம். பேதுருவுக்கு அப்படித் தரிசனமானாரே! ஆனால் எட்டு நாளைக்குப்பின், தோமாவும் அவர்களோடேகூட இருந்த வேளையில்தான் வந்தார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது, செல்போனில் ஆராதித்தோம். அதற்காகக் கர்த்தரை இன்றும் துதிக்கிறேன். வர முடியாத முதியோருக்கு அது இன்றைக்கும் ஆசீர்வாதம். ஆனால் கதவு திறந்த பிறகும் சிலர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. யூடியூப் ஊழியர் நன்றாய்ப் பேசுவார். உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியுமா? நீங்கள் மனைவியிடம் பேசி மூன்று வாரம் ஆயிற்று என்று தெரியுமா?

சபையில் காயப்பட்டுப் போனவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. மேய்ப்பர்களே ஆடுகளை அடித்ததுண்டு. அங்கத்தினர் என்றால் பாஸ்டருக்கு அடிமை என்று நடத்தினதுண்டு. உங்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் நான் (எபி. 13:17). அந்த வசனத்தைக் காட்டி ஜனங்களை மிரட்டுகிற ஊழியர், அது முதலில் தங்களையே மிரட்டுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆறப்போட்டு வாருங்கள். ஆனால் தனியாகவே இருந்துவிடாதேயுங்கள். அவயவத்தை வெட்டிவிட்டால் வலி நிற்கும். இரத்த ஓட்டமும் நின்றுவிடும்.

அந்தச் சகோதரன் கடிதத்தை வேறு எங்கோ வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் கல்யாணப் பத்திரிகை ஒன்று தபாலில் வந்தது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளையின் பேரைத் தெரிந்துகொண்டேன். ஜெப நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நம்மோடு வந்து போய்க்கொண்டிருக்கிறவர்களில் சபையில் சேர வாஞ்சையுள்ளவர்கள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களிடம் பேர் கொடுங்கள். அவர்கள் உங்கள் வீட்டிற்கு வந்து சந்தித்து ஜெபிப்பார்கள். வேறு சபையின் அங்கத்தினராயிருந்தால், முதலில் உங்கள் மேய்ப்பரிடம் பேசிவிட்டு வாருங்கள். அவருக்குத் தெரியாமல் உங்களைச் சேர்த்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளியூர் போகிற வாலிபப் பிள்ளைகளே, போகுமுன் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். அங்குள்ள சபைக்குக் கடிதம் எழுதித் தருகிறேன்.