தாயின் கல்வியும் தாயின் உழைப்பும்

ஆதிபகவனாகிய ரிஷபதேவர் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தும், சுந்தரிக்கு எண்ணும் கற்பித்தருளினார் என ஆதிபுராணம் உரைக்கின்றது. குரத்தியர் எனப் போற்றப்பட்ட ஆசிரியைமார் பலரைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வேடல் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கர் கூட்டத்தையும் நமக்கு அறிவிக்கின்றது. இத்தகு மரபில் வந்த நாம், தாய் கற்பதும் பணிக்குச் செல்வதும் மக்களின் கல்விக்கு ஆக்கமா, இடையூறா என்று இன்றும் வினவிக்கொண்டிருக்கின்றோம்.

தமிழகத்தில் எழுத்தறிந்த மகளிர் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 51 பேர். 2011இல் 73 பேர். கற்ற தாய் பிள்ளையின் ஏட்டைப் புரட்டிப் பார்க்கின்றாள். ஆசிரியரிடம் தயங்காது வினவுகின்றாள். மகளின் படிப்பை இடையில் நிறுத்த எளிதில் இசையாள். எழுத்தறியாத தாயரும் விளக்கருகே உடனமர்ந்து மக்களைப் படிக்கவைத்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் அவர்களுக்கு மறுக்கப்பட்டதை அவர்தம் பெருமையாக்கி நாம் அமைதி கொள்ளலாகாது.

உழைப்பின் நிலை வேறு. தாய் ஈட்டும் பொருள் பிள்ளையின் புத்தகமாகின்றது. ஆனால் நடவுக் காலத்தில் தாய் கழனிக்குச் சென்றால், கைக்குழந்தையைக் காக்க மூத்த மகள் பள்ளிக்குப் போகாது வீட்டில் நிறுத்தப்படுகின்றாள். இளையவன் வளர்கின்றான், மூத்தவளின் பாடம் தேய்கின்றது. இதனைத் தாயின் உழைப்பால் விளைந்த கேடு என்பது பொருந்தாது. அவள் சுமையைப் பகிர்வார் இல்லாமையால் விளைந்த கேடு அது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணியின் அங்கன்வாடி நன்கு நடைபெறும் ஊரில், அச்சிறுமியின் பள்ளி நாட்கள் பல காக்கப்படுகின்றன.

மகன் சிறந்தால் தந்தையின் பெயர் விளங்குகின்றது. தவறினால் “தாய் வேலைக்குப் போகின்றாள்” என்கின்றோம். வாய்மையைப் போற்றும் நமக்கு இது தகுமா?

இன்னும் ஒன்று. பெண் கற்கவேண்டும், ஏனெனில் பிள்ளை சிறக்கும் என்று மட்டும் நாம் கூறுவோமாயின், அதுவும் குறைவுடைய கூற்றே. அறிவு உயிரின் இயல்பு என்பது நம் ஆகமத் துணிபு. உயிருக்கு ஆண், பெண் என்னும் பேதம் இல்லை. ஆதலின் கல்வி அவளுக்கே உரியது. பிள்ளையின் உயர்வு அதன் பயன்களுள் ஒன்று.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று என்பதை அறிவோம். அது நம் இல்லத்திலேயே தொடங்குக. மாலையில் ஒரு நாழிகை தந்தையும் பிள்ளையின் பாடத்தருகே அமர்க. நடவு நாளிலும் மூத்த மகள் பள்ளிக்குச் செல்க. கற்க விழையும் தாய்க்கு வயதைக் காட்டித் தடை கூறாதிருப்போமாக.