யார் கையிற் கொடுப்பது?

வறியோரைத் தாங்குவது அரசின் கடமை என்பதை ஏற்போர் பலர். ஆனால் அவ்வுதவி யார் கையிற் சேர வேண்டும் என்ற வினா எழுந்ததும் கருத்துக்கள் பிளவுபடுகின்றன. குடும்பத் தலைவனிடம் கொடுத்தாற் போதும். அவன் வழியாக மனைவிக்கும் மக்களுக்கும் அது சென்றடையும் என்பது பழைய நம்பிக்கை. இந்நம்பிக்கை நியாயமானதுதானா என்று நாம் ஆராய வேண்டும்.

பிரித்தானியாவில் 1942 ஆம் ஆண்டு வெளியான பெவரிட்ஜ் அறிக்கை வறுமையை ஒழிக்கப் புறப்பட்ட முற்போக்குச் சாசனம். ஆயினும் மணமான பெண்ணை அது கணவனின் ஆதரவில் வாழ்பவளாகவே கணித்தது. இல்லறப் பணியின் பெருமையைப் பேசிய அதே அறிக்கை, அவளது முதுமைப் பாதுகாப்பைக் கணவனின் காப்புறுதிச் சந்தாவிற் தங்கியிருக்கச் செய்தது. தொழில் செய்து முழுச் சந்தா செலுத்திய மனைவிக்கும் வேலையின்மைக் காலத்திற் குறைந்த தொகையே விதிக்கப்பட்டது. புகழ்ச்சி அவளுக்கு, உரிமை அவனுக்கு!

1945 இல் குடும்பப் படிச் சட்டமூலம் வந்தபோது, பிள்ளைகளுக்கான பணத்தைத் தந்தைக்கு உரியதாக்கவே அரசு முதலில் எண்ணியது. பல்லாண்டுகள் இதற்காகப் போராடிய எலினோர் ராத்போன் கடுமையாக எதிர்த்தார். பாராளுமன்றம் தாய்க்கே அதை உரியதாக்கிற்று. முதற் பிள்ளை நீங்கலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். சிறு தொகைதான், ஆனால் அதைக் கணவனிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஐக்கிய அமெரிக்காவிற் பல மாநிலங்கள், உதவி பெறும் தாயின் வீட்டுக்கு ஆடவன் ஒருவன் வந்துபோனாலே பிள்ளைகளின் உணவுப் பணத்தை நிறுத்தின. அலபாமாவின் அத்தகைய விதியை 1968 இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஒழுக்கத்தை உளவு பார்த்து ஈயப்படும் உதவி, உதவியன்று, அடிமைச் சாசனம்.

அப்படியாயின் சட்டத்திற் சமத்துவம் எழுதிவிட்டாற் போதுமா? சுவீடன் 1974 இல் மகப்பேற்று விடுமுறையைத் தாய், தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. தந்தையரோ தம் பங்கைப் பெரும்பாலும் மனைவியருக்கே விட்டுக்கொடுத்தனர். எனவே 1995 இல் ஒரு மாதம் தந்தைக்கென ஒதுக்கப்பட்டது. அவர் எடுக்காவிடில் அது குடும்பத்துக்கே இல்லாமற் போகும். இன்று அவ்வொதுக்கீடு 90 நாட்கள்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு தெளிவானது. பெண் ஒருவனின் மனைவியாக அன்றி, மனிதப் பிறவியாகவே உதவிக்கு உரியவள். அவ்வுரிமையோடு வீட்டுச் சுமையும் பகிரப்படாதவரை, நலன்புரி அரசு எத்துணை தாராளமானதாயினும் பாதி மக்களுக்கே அரசாகும்.