மரபைப் போற்றுவோரும் மனிதரை மறப்போரும்

ஒரு மக்களின் உணவை விரும்பி உண்டு, இசையைக் கேட்டு மகிழ்ந்து, அவர்தம் கடைகளால் ஊர் செழிப்பதைக் கண்டு பெருமைப்படுவோர், அம்மக்களையே மதித்தவர் ஆவரா? இவ்வினாவை அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கதைகொண்டு ஆராய்வோம்.

அயோவா மாநிலத்தின் வடகிழக்கே உள்ளது போஸ்ற்வில். 1987இல், அங்கு மூடிக்கிடந்த இறைச்சித் தொழிற்சாலை யூத சமய விதிப்படி இயங்கும் ஆலையாக மீண்டும் திறக்கப்பட்டது. குறைந்த கூலிக்குக் கடும் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டனர். நாளடைவில் மெக்சிக்கோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். 1990இல் ஏறத்தாழ 1,500 ஆக இருந்த குடிசனத் தொகை 2000இல் 2,273 ஆயிற்று. ஸ்பானியப் பெயர்ப்பலகை தாங்கிய கடைகளும் உணவுச்சாலைகளும் எழுந்தன.

அமெரிக்காவில் ஸ்பானிய மரபைப் போற்றும் விழாவொன்று உண்டு. 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988இல் ஒரு மாதமாக நீண்டது அது. அதன் தொடக்க நாளான செப்ரெம்பர் 15 குவாத்தமாலாவின் சுதந்திர நாளுமாகும். ஆனால் போஸ்ற்வில்லுக்கு வந்த குவாத்தமாலர் பலரின் தாய்மொழி ஸ்பானியமன்று. கக்சிக்கேல் என்னும் மாயா மொழியாகும். முன்னோரை அடிமைகொண்டோரின் மொழியே அவர்தம் மரபுக்குப் பெயராயிற்று!

2008 மே 12இல் அரசின் படையினர் ஆலையைச் சூழ்ந்து 389 பேரைக் கைது செய்தனர். வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சி மைதானத்திலேயே அவர்கள் அடைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர். அடையாளத் திருட்டு என்னும் பெருங்குற்றத்தைக் காட்டி அச்சுறுத்தப்பட்டதால், பெரும்பாலோர் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 மாதச் சிறை அனுபவித்தனர். பயன்படுத்திய இலக்கம் உண்மையில் வேறொருவருடையது என அறிந்திருந்தாலன்றி அப்பெருங்குற்றம் நிலைக்காது என்று உயர் நீதிமன்றம் 2009இல், வேறொரு வழக்கில், தீர்த்தது. நீதி பிந்தி வந்தது; சிறை முந்திவிட்டது.

ஊரில் வீடுகள் வெறுமையாயின. கடைகள் வாங்குவோரை இழந்தன. ஆலையும் அவ்வாண்டு நவம்பரில் வங்குறோத்தாயிற்று.

“சட்டத்தை மீறினர் அன்றோ?” என்பர் சிலர். அவ்வுழைப்பால் மலிந்த இறைச்சியை உண்ட நாடு, உழைத்தவனின் காகிதத்தை மட்டும் குற்றமெனக் காண்பது எவ்வகை நீதி? “அவர்கள் போனால் வியாபாரம் கெடும்” என்பர் நல்லெண்ணமுடைய வேறு சிலர். அது உண்மையே, எனினும் அதனை அறமென நாம் கொள்ளோம். பயனுக்காக மதிக்கப்படுபவன், பயன் தீர்ந்த அன்றே மதிப்பிழப்பான். இயந்திரத்துக்கும் அவனுக்கும் அப்போது வேறுபாடு யாது?

அந்நாள்களில் புனித பிரிஜெற் தேவாலயம் அஞ்சியோடி வந்த குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது. இவர்களால் ஊருக்கு என்ன இலாபம் என்று அங்கு எவரும் கணக்குப் பார்க்கவில்லை; பசித்தோருக்கு உணவளித்தனர். ஒரு மக்களின் மரபுக்குச் செய்யும் மரியாதை அங்கேதான் தொடங்குகின்றது. உழைப்பவனின் உரிமையைச் சட்டமாக்கும்போதே அது நிறைவுறும்.