வேண்டாமையின் வேர்

மனிதனை வருத்தும் கிலேசங்கள் ஐந்து என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம். அவற்றுள் விருப்பாகிய ராகமும் வெறுப்பாகிய துவேஷமும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது அனுபவித்த இன்பத்தைப் பின்தொடர்கிறது. பின்னது அனுபவித்த துன்பத்தை. பின்தொடர்வது இரண்டுக்கும் பொது. திருக்குறளின் நான்காம் பாடலும் இறைவனை விருப்பு, வெறுப்பு இரண்டும் இல்லாதவனாகவே சொல்கிறது.

இரண்டில் வெறுப்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆசை தன் முகத்தோடு வரும்; வெறுப்போ துறவின் கோலத்தில் வரும். காசைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டவர், பிறர் கையில் காசைக் கண்டதும் கொதித்தால், காசு அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. பட்டினி கிடப்பவனை விட்டு உணவு விலகினாலும் அதன் சுவை விலகுவதில்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிப்பது இதைத்தான்.

பாகவதம் இதைக் கதையாகவே சொல்லிவிடுகிறது. கண்ணனை வாழ்நாளெல்லாம் வைத சிசுபாலன் முடிவில் அவனோடே கலந்தான். தருமர் வியந்து கேட்க, பகை தருமளவு ஒன்றிப்பைப் பக்தியும் தருவதில்லை என்கிறார் நாரதர். குளவியை அஞ்சி, வெறுத்து, அதையே நினைத்துக் குளவியாகிப்போன புழுவை உவமை காட்டுகிறார். சிசுபாலன் பகைத்தது கடவுளை, அதனால் தப்பினான். அற்பங்களை இடைவிடாது வெறுப்பவரின் கதி என்ன என்பது அஞ்சத்தக்க கேள்வி.

1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்த ஸ்ரீ அரவிந்தர் இந்தக் கேள்வியை உலகத் துறவு வரை கொண்டுசென்றார். 1914-இல் இங்கே தொடங்கிய ‘ஆர்யா’ இதழில் தொடராக வந்த ‘தெய்விக வாழ்க்கை’ நூலில், ஆன்மாவை மறுக்கும் பொருள்முதல்வாதத்தையும் உலகை மறுக்கும் துறவையும் இரு மறுப்புகளாக அருகருகே நிறுத்தினார். 1928-இல் வெளியான ‘அன்னை’ என்ற சிறுநூல், பணத்தின்மேல் பற்றும் கூடாது, துறவியின் கூச்சமும் கூடாது என்கிறது. 1926-இல் உருவான ஆசிரமத்தில் காவி உடை விதியாகவில்லை; சமையலும் அச்சு வேலையும் யோக சாதனையில் சேர்ந்தன.

வெறுப்பை விட்டவர் தீமையை எதிர்ப்பது எப்படி? துவேஷம் மனத்தின் பிடி; எதிர்ப்பு ஒரு செயல். பிடி தளர்ந்தாலும் செயல் நிற்க வேண்டியதில்லை. அநீதிக்கு ஆளானவரிடம் போய், உன் கோபமும் பற்றுதான் என்று உபதேசிப்பது கொடுமை. வெறுப்பும் பற்றே என்ற கருத்து தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் அளவுகோல், பிறர் வாயை அடைக்கும் கருவி அன்று. கீதையும் போர்க்களத்தில்தான் பேசப்பட்டது. இனிமையற்ற செயலையும் வெறுக்காதவனே உண்மைத் தியாகி என்று அதன் கடைசி அத்தியாயம் சொல்கிறது. எல்லாவற்றிலும் சமநிலையை வற்புறுத்திய ஸ்ரீ அரவிந்தர், தாம் முன்பு எதிர்த்துப் போராடிய பிரிட்டன் ஹிட்லரை எதிர்த்து நின்றபோது, 1940-இல் அதன் பக்கம் வெளிப்படையாக நின்றார்.