வலியைப் பொறுப்பது அறமா?

பிறர் செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்வோர் உயர்ந்தோர் என்பதில் ஐயமில்லை. ஆனால், தம் உடலின் வலியைத் தம் மக்களிடமிருந்து மறைத்துப் பொறுத்துக்கொள்வதும் அவ்வுயர்வைச் சேர்ந்ததுதானா? பிள்ளைகளை நம்பி அயல்நாட்டில் முதுமையைக் கழிக்கும் பெற்றோர் பலருக்கு இவ்வினா முழங்காலில் எழுகிறது.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றில் மகனோடு வாழும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கணவர் மறைந்தபின் தஞ்சையிலிருந்து நீண்டகால வருகை அனுமதியில் வந்தவர். மகன் நிரந்தரவாசி. பேரப்பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வளர்த்த அம்மூதாட்டிக்கு இன்று கட்டிலிலிருந்து எழுந்து சமையலறை வரை நடப்பதே பெரும்பாடு. முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. இனித் தைலமும் ஒத்தடமும் பயன்தரா. மூட்டை மாற்றுவதே வழி என்கிறார் மருத்துவர். “எனக்கு எதற்கப்பா? இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறேன்? அந்தப் பணம் பிள்ளைகள் படிப்புக்கு ஆகட்டும்” என்கிறார் மூதாட்டி. மகன் மறுமொழி கூறவில்லை.

அம்மௌனத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்குள்ள பொது மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு அரசு மானியம் மிகுதி. நிரந்தரவாசிகளுக்கு அதனினும் குறைவு. வருகை அனுமதியில் வாழும் பெற்றோர் முழுக் கட்டணமும் செலுத்துதல் வேண்டும். 2015இல் நடப்புக்கு வந்த மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியதே. எந்த நாடும் தன் கருவூலத்திற்கு ஒரு கோடு கிழிக்கத்தான் செய்யும். அக்கோட்டை ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள்ளும் கிழித்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி.

மூட்டுவலியை மூப்பின் இயல்பென்று விட்டுவிட மனமின்றி உழைத்தவர்களுள் ஒருவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் முதலில் பொருத்திய டெஃப்லான் இடுப்பு மூட்டுகள் சில ஆண்டுகளில் தேய்ந்து, நோயாளிகளுக்குத் துன்பம் விளைத்தன. அதன்பின் அவர் டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடையிலேயே பதித்துச் சோதித்துப் பார்த்தார். 1962இல் பாலிஎத்திலீன் கிண்ணத்தோடு அவர் அமைத்த மூட்டே இன்றைய மாற்று மூட்டுகளுக்கு முன்னோடி. முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களுள் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கும் என்று 2019இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்த ஆய்வு கணித்தது. எழுபது வயதில் ஏற்கும் மூட்டு, அவ்வுடலின் ஆயுள் முழுதும் உடன்வரக்கூடும்.

மூதாட்டி தம் மறுப்பைத் தியாகமென்று கருதலாம். ஆனால் மறைத்த வலி மறைந்துவிடுவதில்லை. நடை குறையும், தசை தளரும், இன்று கடைவரை போகாதவர் நாளை குளியலறைவரை போக ஒரு கை வேண்டுவார். இன்று மிச்சப்பட்டதாகத் தோன்றும் பொருளை மருமகளின் இடுப்பும் உறக்கமும் பின்னர் வட்டியோடு கட்டும்.

மகனின் நிலை இன்னும் கடினமானது. “அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்கள்” என்பது கேட்பதற்கு மதிப்பான சொல். ஆனால், பந்தியில் விருந்தினர் ‘போதும்’ என்றவுடன் கரண்டியைக் கீழே வைப்பது தமிழர் வீட்டு வழக்கமன்று. மறுபடி கேட்கிறோம், இலையை மறைத்த கையையும் விலக்கிப் பரிமாறுகிறோம். சோற்றுக்குச் செல்லாத ‘வேண்டாம்’, தாயின் காலுக்கு மட்டும் ஒரே முறையில் செல்லுபடியாவது எப்படி?

ஊருக்கு அனுப்பி அங்கே செய்துகொள்ளலாம் என்பார் உண்டு. செலவை மட்டும் நோக்கின் அது தவறன்று. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு முழங்கால் மாற்று மூட்டுகளுக்கு விலை வரம்பு விதித்தபோது, பெரிதும் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்று அறுதியிட்டது. ஆயினும் வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அருகிருந்து துணைசெய்வாரையும் சேர்த்தே எண்ணினார். மூட்டை மாற்ற ஓரிரு மணி நேரம் போதும். மறுநாளே எழுந்து நிற்கவும் செய்வர். புதிய முழங்காலை மடக்கிப் பழக்கும் பயிற்சியோ பல வாரம் நீளும், கண்ணீர் வரவழைப்பது. தஞ்சை வீடு பூட்டிக் கிடக்கிறது. மகனின் விடுப்போ இரண்டு வாரம். மூன்றாம் வாரத்தில் “இன்னும் ஐந்து முறை மடக்குங்கள் அம்மா” என்று சொல்ல அங்கு யார் இருப்பார்? இதற்கு விடை கண்டபின் விமானச் சீட்டு எடுப்பதே முறை. இங்கேயே செய்வதாயின், அக்காரை விற்றோ, தவணையை நீட்டியோ பணம் தேடுவதும் மகன் எண்ணிப் பார்க்கத்தக்கதே.

அவன் இரண்டாம் முறை கேட்கட்டும். அப்பொழுது தாய் பணத்தைப் பற்றியே பேசுவார் என்பதில்லை. கோயிலில் முன்போல் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் அதைத் தவிர்க்கவே மருத்துவர் சொல்வர். நாற்காலியில்தான் அமர வேண்டியிருக்கும். அதையும் மகன் அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.